அக்கா கேட்ட எதிர்ச்சொல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களில் பாதிப் பேர், அட்டையில் இருக்கும் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நன்றிப் பட்டியலில் தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவீர்கள். திருப்புங்கள். வர வேண்டிய பெயர்கள் வந்திருக்கின்றன. பெயர் வராதவர்கள் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து, ஏன் வரவில்லை என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். பந்தி போட இன்னும் நேரமிருக்கிறது.

அக்கா காலமாகி இன்றோடு ஓராண்டு. தலைத் திவசத்துக்கு மலர் போட வேண்டும் என்று பெரியப்பாவின் மகன், எங்களுக்கு அண்ணன் முறை, தானே அச்சகத்துக்குப் போய் எல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அடித்துக்காட்டிய தாள் நான் கூலிக்குத் தைக்கும் கடைக்கு வந்தது. "அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம், அதிர்ந்து பேசாதவர், பேரன் பேத்திகளைக் கொஞ்சி மகிழ்ந்தவர்" என்று போட்டிருந்தது. அக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. போன மாதம் எங்கேயோ எந்தப் பாட்டிக்கோ அடித்ததைப் படத்தை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பேரன் பேத்தின்னு வந்திருக்கே, படிச்சுப் பாத்தீங்களாண்ணே?"

"அட, அதை மட்டும் அடிச்சிருவோம். மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

மற்றதெல்லாம் நல்லா இருக்கிறதாம்! அதிர்ந்து பேசாதவராம்! எட்டாம் வகுப்பில் அக்கா பாடம் நடத்தினால் கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். பொறுமையின் சிகரமாம்! டீ ஆறிப்போய் வந்தால் டம்ளரோடு திருப்பி அனுப்புகிறவர். அந்தத் தாளை நான்காகக் கிழித்துக் கடைக் குப்பையில் துணித் துண்டுகளோடு போட்டுவிட்டு, நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நயமாக எழுத வராது. வராததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை.

அக்கா பிறந்தது கொடும்பாளூரில், அம்மா பிறந்த வீட்டில். தலைப்பிரசவம் என்பதால் அங்கே. வளர்ந்தது முழுக்க கறம்பக்குடிப் பக்கம், அப்பாவின் ஊரில். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். அக்கா பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லாம் பெரியப்பாதான் என்று ஊர் சொன்னது. எல்லாம் என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அம்மா முந்திரிக் கொட்டை உடைத்து எங்களைப் படிக்கவைத்தார். அந்தக் கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன, இன்று அம்மா பரிமாற வரும்போது பாருங்கள். அக்கா ஆங்கிலம் படித்து, பி.எட். முடித்து, டவுனில் ஒரு தனியார் நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை ஆனார். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அதன் நிர்வாகக் கமிட்டியில் பெரியப்பாவும் ஒருவர் என்பது மட்டும் போதும்.

கல்யாணத்துக்கு இரண்டு இடம் வந்தது. முதல் இடத்தில் பெண் கறுப்பு என்றார்கள். இரண்டாவது இடத்தில் வேலையை விட வேண்டும் என்றார்கள். அக்கா இரண்டு பேரையும் வாசலோடு அனுப்பிவைத்தார். அதை வைத்து "அதிர்ஷ்டம் கெட்டவ" என்று பேசியவர்கள் இன்று இதே பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வந்ததற்குச் சந்தோஷம்.

அக்காவைப் பற்றி எழுதினால் எதிர்ச்சொல்லைப் பற்றி எழுதாமல் முடியாது. அவர் வாழ்க்கை அதில்தான் போய் முட்டிக்கொண்டது.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எதிர்ச்சொல் எப்படிப் படித்தார்கள் தெரியுமா? சொல்லையே படிக்க மாட்டார்கள். நோட்ஸில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை இருக்கும். எந்தக் கேள்விக்கு எந்த எழுத்து என்று மட்டும் உருப்போடுவார்கள். முதல் கேள்விக்கு "சி", அடுத்ததற்கு "பி", அதற்கடுத்து மறுபடியும் "பி" என்று வேன் ஏறும்போதே பாட்டு மாதிரி முணுமுணுத்துக்கொண்டு வருவார்கள். பரீட்சையிலும் அதே வரிசையில் கேள்வி வரும். எல்லாரும் முழு மார்க். பெற்றோருக்கு மகிழ்ச்சி, கமிட்டிக்கு மகிழ்ச்சி. அக்காவுக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

அக்கா அந்த நோட்ஸை வகுப்புக்குள்ளேயே விடக் கூடாது என்றார். சொந்தமாக எழுதச் சொன்னதும் பிள்ளைகள் தடுமாறினார்கள். 'ஸ்வீட்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "காரம்" என்றதாம். கடையில் ஸ்வீட்டையும் காரத்தையும் ஜோடியாகப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், பாவம், வேறென்ன சொல்லும்? 'ரஃப்' என்பதற்கு 'ஃபேர்' என்று எழுதியிருந்தார்கள். ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு இரண்டும்தானே பையில் இருக்கின்றன! அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதுக மேல தப்பில்லடி. சேந்து வர்றதையெல்லாம் எதிர்னு நெனைச்சுக்கிருதுக" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்தது எளிமையானதுதான். எனக்கே பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்கிறார். "புதுக்கோட்டை பஸ்ல ஏறுனா ஒரு முனை கறம்பக்குடி, இன்னொரு முனை புதுக்கோட்டை. எதிர்ச்சொல்லுன்னா அதே ரோட்டோட அடுத்த முனையில நிக்கணும். வேற ரோட்டுல, திருமயத்துல நிக்கிற ஆளைக் காட்டி இவருதான் எதிர்னு சொல்லக் கூடாது. நடு வழியில இறங்கிக்கிட்டும் சொல்லக் கூடாது." நடு வழி என்று அவர் சொன்னது இதைத்தான்: சூடாக இல்லை என்றால் உடனே ஜில்லென்று ஆகிவிடாது, ஆறிய டீ என்று ஒன்று இருக்கிறது. "இல்லை" என்று ஒட்டவைத்துவிட்டால் எதிர்ச்சொல் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

இனி பெரியப்பா.

எங்கள் தாத்தா பெயரில் அந்தப் பள்ளிக்கு ஒரு ஷீல்டு கொடுத்தவர் பெரியப்பா. எட்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கு ஆண்டு விழா மேடையில் அவர் கையாலேயே கொடுப்பார். அந்த ஆண்டு அவருடைய பேரன் எட்டாம் வகுப்பு. கொள்ளுத்தாத்தா பெயரில் உள்ள ஷீல்டை, தாத்தா கொடுத்து, பேரன் வாங்க வேண்டும். போட்டோகிராபருக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்று. ஃபிளெக்ஸில் "கல்வி வள்ளல்" என்றும் போட்டாயிற்று.

அக்கா வினாத்தாளில் விடைகளின் வரிசையைக் கலைத்துப் போட்டுவிட்டார். 'ஜெனரஸ்' என்று ஒரு சொல். தாராள மனசு உள்ளவர் என்று பொருள். பாடப் புத்தகத்திலேயே இருக்கிற சொல்தான். கொடுத்திருந்த விடைகள் 'ரிச்', 'புவர்', 'ஸ்டிஞ்சி', 'கைண்ட்'. பணக்காரர், ஏழை, கஞ்சப்பிசினாறி, அன்பானவர். நோட்ஸில் இந்தக் கேள்விக்கு "பி". பேரனும் "பி" என்றே எழுதினான். அக்காவின் தாளில் "பி" என்பது ஏழை. தாளின் மற்ற பகுதியை நன்றாகவே எழுதியிருந்தான் பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மார்க் போய்விட்டது. கஞ்சப்பிசினாறியைச் சரியாகத் தேர்ந்தெடுத்து முதல் மார்க் வாங்கியவள், அந்தப் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிற அஞ்சலை அக்காவின் மகள்.

மறுநாள் சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா, ஜெனரஸ்னா என்னத்தா?"

"தாராள மனசு, பெரியப்பா."

"அப்ப அதுக்கு எதிர்ப்பதம் ஏழைதானே? இல்லாதவன் எங்கிட்டுப் போயி தாராளமா இருக்குறது? கையில இருந்தாத்தானே குடுக்க முடியும்?"

"ஏழைக்கு எதிர் பணக்காரர் பெரியப்பா, அது வேற ரோடு. இல்லாதவங்க குடுக்குறதை நீங்க பாத்ததே இல்லையா? இருந்தும் குடுக்காதவங்கதான் இதுக்கு எதிர்."

பெரியப்பாவின் முகம் மாறியது. "ஓ... அப்படி வாரியா? என்னையச் சாடை பேசத்தான் இந்தக் கேள்வியப் போட்டியா?"

நம் ஊரில் எதையும் நேராகக் கேட்க மாட்டோம். சாடையாகப் பேசிப் பேசி, யார் எதைச் சொன்னாலும் நமக்குத்தான் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு பாடப் புத்தகக் கேள்விகூடத் தன்னைத்தான் குத்துகிறது என்று நினைக்க முடிந்தது அவரால். ஏன் குத்தியது என்று அவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

"சாடை பேசணும்னா எனக்குத் தமிழே போதும் பெரியப்பா" என்றார் அக்கா. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்தால் அது அக்கா இல்லை.

காபி ஆறிப்போனது. பெரியப்பா குடிக்காமலே போனார்.

ஆண்டு விழாவில் அஞ்சலை அக்காவின் மகளுக்கு அவர் ஷீல்டு கொடுத்த போட்டோ இருக்கிறது. அவர் முகம் அங்கிட்டுத் திரும்பியிருக்கும். பிள்ளை மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். அடுத்த பருவத்தில் அக்காவை எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்து எல்.கே.ஜி.க்கு அனுப்பினார்கள். வேலையை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. அக்கா விடவில்லை. மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளுக்கு 'பிக்', 'ஸ்மால்' சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு வரச் சொல்லிப் பாடம் நடத்தினார்.

அப்புறம் வயிற்றில் கட்டி வந்தது. தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், ஆப்பரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்றார். அப்பா பங்கு நிலம் இருக்கிறதே, அதை விற்றுவிடலாம் என்று நானும் அம்மாவும் முடிவு செய்தோம். ஆனால் கூட்டுப் பட்டா. பெரியப்பாவின் கையெழுத்து இல்லாமல் எவரும் வாங்க மாட்டார்கள். கையெழுத்துப் போடுவதால் அவருக்கு ஒரு பிடி மண்கூடக் குறையாது. நான்தான் போய்க் கேட்டேன்.

"கையெழுத்து என்னத்தா பெரிய கையெழுத்து, இந்தா பேனா" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினார். "ஒண்ணே ஒண்ணு. கோயில் வாசல்ல, நம்ம பங்காளிக முன்னாடி, 'கேள்வி தப்பு, தெரியாமப் போட்டுட்டேன்'னு ஒங்கக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த நிமிஷமே போட்டுத் தாரேன்."

அந்தப் பங்காளிகளில் எத்தனையோ பேர் அன்று அங்கே உட்கார்ந்திருந்தீர்கள். ஒருவராவது "ஒடம்பு முடியாத புள்ளகிட்ட என்னய்யா இது?" என்று கேட்டீர்களா? விசிறிக்கொண்டுதான் இருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கத்தினேன். "சொல்லித் தொலையேன்க்கா! ஒரு வார்த்தைதானே? வாயில என்ன முத்தா உதிர்ந்துரும்?"

அக்கா படுத்தபடியே சொன்னார். "கேள்வி தப்புன்னா நானே போயி சொல்லியிருப்பேன்டி. தப்பில்லையே. இப்ப நான் தப்புன்னு சொன்னா அந்தப் புள்ள எழுதுனதும் தப்பாயிரும்ல? கூட்டுற பொம்பள மகளுக்கு வேணும்னே மார்க் போட்டேன்னு ஆயிரும். அவ கையில இருக்குற ஷீல்டை என்னையவே புடுங்கச் சொல்றியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றும் அக்கா மேல் கோபம்தான். உயிரைவிடவா ஒரு மார்க் பெரிது? பெரிதுதான் என்று நினைத்த ஒரு மனுஷியோடு பிறந்துவிட்டேன், என்ன செய்ய.

கையெழுத்து வரவில்லை. அதோடு விட்டாரா? கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன், முன்பணம் தருகிறேன் என்று ஒருவர் நல்ல மனசோடு நிலத்தைப் பார்க்க வந்தார். அவரை வழிமறித்து, "அதுல வில்லங்கம் இருக்குய்யா, மாட்டிக்கிருவ" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் பெரியப்பா. நிலம் பார்க்க வந்தவரே என்னிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். நகையை வைத்து, தையல் மிஷினை வைத்து, அங்கே இங்கே புரட்டி, ஆப்பரேஷன் நடப்பதற்குள் நாள் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு வளைகாப்பு, ஒருவருக்கு டவர் கிடைக்கவில்லை. அஞ்சலை அக்கா, பள்ளிக்கூடத்தில் லீவு தர மாட்டேன் என்றதும், "வச்சுக்கங்க ஒங்க வேலைய" என்று விளக்குமாற்றைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வந்ததும் சேலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினார். நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்களுக்கே ஒடம்புல ரத்தம் இல்லம்மா. நீங்க எங்கிட்டு குடுக்குறது?"

அஞ்சலை அக்கா வெளியே போனார். மறுநாள் காலையில் அவர் தெருவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். கல்லுடைக்கிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். சிலருக்கு அக்கா யார் என்றே தெரியாது. வரிசையில் நின்று கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் தந்த ஜூஸைப் பிள்ளைகளுக்கு என்று மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். அக்காவிடம் சொன்னேன். அவ்வளவு வலியிலும் அவருக்குச் சிரிப்பு.

"பெரியப்பாவுக்கு ஒரு போனைப் போடுடி. வந்து பாத்துட்டுப் போகட்டும்."

போட்டேன். அவர் எடுக்கவில்லை.

கட்டி பரவிவிட்டது. அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கடைசி நாட்களில் அஞ்சலை அக்காவும் மகளும்தான் கூடவே இருந்தார்கள். அந்தப் பிள்ளை கட்டிலருகே உட்கார்ந்து சொற்களாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அக்கா பேச முடிந்தவரை பதில் சொன்னார், முடியாதபோது தலையை ஆட்டினார். ஒரு விடியற்காலை அதுவும் நின்றது.

பெரியப்பா அக்காவைக் கொன்றார் என்று எழுதத்தான் நான் பேனாவை எடுத்தேன். எழுதியும் விட்டேன். அப்புறம் அடித்தேன். காப்பாற்றவில்லை என்பதற்கும் கொன்றார் என்பதற்கும் நடுவில் நீளமாக ரோடு இருக்கிறது. முன்னாலேயே ஆப்பரேஷன் செய்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார். அக்கா இதைப் படித்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார். ஆகவே சரியான சொல்லையே எழுதுகிறேன். பெரியப்பா தடுத்தார்.

அவர் சாவுக்கு வந்தார். கோடிச் சேலையாகப் பட்டே கொண்டுவந்தார். வாசலை மறைத்து ஃபிளெக்ஸ் கட்டினார். அதில் அக்காவின் படம் சிறியது, அவர் படம் பெரியது. மாலை போட்டுவிட்டு என் தலையில் கைவைத்து, "எல்லாத்தையும் மறந்துருத்தா" என்றார். மறக்கவில்லை, பெரியப்பா. அதைத்தான் அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறேன்.

இனி நன்றி. அஞ்சலை அக்காவுக்கும், அவர் தெருவிலிருந்து வேனில் வந்த எல்லாருக்கும், வாடகை வாங்காமல் அந்த வேனை ஓட்டியவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்ல இன்னொரு தலைமுறை வேண்டும். ஷீல்டை இன்றைக்கு அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கும் அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. நன்றாகப் படி கண்ணு, உன்னிடமிருந்து அதை யாரும் வாங்க முடியாது. முன்பணம் தர வந்து திரும்பிப் போனவருக்கும் நன்றி, வந்ததற்காக.

உதவாமல் இருந்த உறவினர்களே, உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, பகை கிடையாது. உதவாமல் இருப்பது உதவிக்கு எதிர் அல்ல, அது ஆறிய டீ. எதிர் முனையில் நின்றவர் ஒரே ஒருவர். நன்றிப் பட்டியலில் தன் அப்பா பெயரை முதலில் போட வேண்டும் என்று அண்ணன் கேட்டார். முடியாது என்றேன். சரி, கடைசியிலாவது போடு, ஊர் என்ன சொல்லும் என்றார். போடுகிறேன்.

பெரியப்பா, பங்காளி வராமல் திவசம் கிடையாது என்பதால் அம்மா உங்களுக்கும் சொல்லி அனுப்பினார். வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சட்டைப் பையில் அந்தப் பேனாவும் இருக்கும். அக்கா போட்ட கேள்வி தப்பு என்று நீங்கள் இன்னும் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். இல்லாதவன் எங்கிட்டுப் போய்த் தாராளமாக இருப்பது என்று கேட்டீர்களே? எங்களிடம் இப்போது நகை இல்லை, மிஷின் இல்லை, அக்காவும் இல்லை. உங்களுக்கு இலை போட்டிருக்கிறோம், வடை பாயசத்தோடு. எழுந்து வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.